ஊர்வலத்துக்குப் பின்னால் இருக்கும் கடை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கும், நடத்தி மூடியவர்களின் பிள்ளைகளுக்கும்,

உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய இருட்டறையிலோ நெகட்டிவ் உறைகள் அடுக்கிய பெட்டிகள் இருக்கும். டிஜிட்டல் கேமரா வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. இடத்தை அடைக்கின்றன. கறுப்பு வெள்ளை பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக அவற்றை எடைக்கு எடுப்பவர்களும் உண்டு. அப்படிப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மாப்பிள்ளை ஊர்வலம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு விழா, பள்ளிப் பிள்ளைகளின் பேரணி என்று தெருவில் நின்று எடுத்த படங்களை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். பஸ் நிலையத்து முனையில், சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் இடையில், கயிறு கட்டிப் புத்தகம் தொங்கவிட்ட பேப்பர் கடை ஒன்று எங்காவது தெரியலாம். அந்தக் கயிற்றில் வார இதழ்களுக்கு நடுவே அம்புலிமாமாவோ முத்து காமிக்ஸோ ராணி காமிக்ஸோ தொங்கினால் அந்த நெகட்டிவை எடைக்குப் போடாதீர்கள். வாசிப்பின் வரலாற்றில் வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆவணம் அது. ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

தமிழ்க் காமிக்ஸ் அழிந்துபோய்விடவில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவின் இதழ்களைச் சேர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்று 1984 ஜூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸ், அதே மாதம் ஜேம்ஸ் பாண்டோடு வந்து 2005 வரை நீடித்த ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய பிரதிகளை நல்ல விலை கொடுத்து வாங்கிப் பாதுகாக்கிறவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. எந்தக் கதை எந்த எண்ணில் வந்தது, அட்டைப்படம் எது என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சேகரிப்பாளர் கையில் இருக்கும் பிரதி, அது தொங்கிய கடையிலிருந்து அறுபட்டு வந்த பிரதி. அது ஆம்பூருக்கு வந்ததா, சிறுவன் கை எட்டும் உயரத்தில் இருந்ததா, அதற்கு வலப்பக்கம் ராசிபலன் புத்தகமா சினிமாப் பாட்டுப் புத்தகமா, மூன்று மாதப் பழசும் புதுசும் ஒன்றாகத் தொங்கினவா என்பதையெல்லாம் அந்தப் பிரதி சொல்லாது. பதிப்பகத்தின் கணக்கு ஏஜென்டோடு நின்றுவிடும். ஏஜென்டின் சிட்டை கடைக்காரரோடு நின்றுவிடும். கடைக்கும் வாசகனுக்கும் நடுவில் இருந்த அந்த நாலு முழ இடம் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. அதைப் பிடித்துவைத்திருக்கக் கூடிய ஒரே பொருள், யாரோ வேறு எதையோ படமெடுத்தபோது பின்னால் விழுந்த நிழல்தான்.

அமெரிக்காவில் இந்த வழியில் வரலாறு எழுதத் தொடங்கி வெகுகாலம் ஆயிற்று. பெரனிஸ் ஆபட் என்ற பெண் புகைப்படக் கலைஞர் 1935 நவம்பர் 19 அன்று நியூயார்க்கில், 32ஆம் தெருவும் மூன்றாம் அவென்யூவும் சேரும் முனையில் இருந்த ஒரு பத்திரிகைக் கடையைப் படமெடுத்தார். மாறிவரும் நகரத்தைப் பதிவு செய்யும் திட்டத்தின் ஒரு பகுதி அது. 1938இல் ஜான் வாஷன் என்ற இளைஞர், அமெரிக்க அரசின் விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக ஒமாஹா நகரில் ஒரு பத்திரிகைக் கடையை எடுத்தார். வறுமையையும் விவசாயத்தையும் பதிவு செய்ய அனுப்பப்பட்டவர்கள் கடைகளையும் எடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் நெகட்டிவ்கள் லட்சத்துக்கும் மேலாக இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. காமிக்ஸ் ஆய்வாளர்களுக்கு இப்படிப்பட்ட படங்கள் பொக்கிஷம். சூப்பர்மேன் முதன்முதலாக வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் 1938 ஜூன் என்று இருக்கிறது. கடைக்கு வந்ததோ ஏப்ரல் 18 அன்று. அட்டையில் அச்சான மாதத்தை நம்பி ஒரு புத்தகம் மக்கள் கைக்கு எப்போது வந்தது என்று எழுதினால் தவறிவிடும். நாள் தெரிந்த ஒரு கடைப்படம் இருந்தால் அட்டைகளை அதை வைத்துச் சரிபார்க்கலாம்; நாள் தெரியாத படம் இருந்தால் தொங்கும் அட்டைகளை வைத்துப் படத்தின் நாளைக் கண்டுபிடிக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

நம் ஊர்க் கடைகளில் நாள் கணிப்பதற்கு அவர்களுக்கு இல்லாத வசதிகளும் உண்டு. நாளிதழ்கள் அன்றைய தலைப்புச் செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடை முகப்பில் தொங்கவிட அனுப்பும் சுவரொட்டி ஒன்று இருக்கிறது. அது ஒரு நாள் மட்டுமே தொங்கும். மறுநாள் அடுத்தது வந்து அதை மறைத்துவிடும். படத்தில் அதன் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும், எந்த ஆண்டு எந்தத் தேதி என்று பழைய நாளிதழைப் புரட்டிச் சொல்லிவிடலாம். இதழின் விலையில் நயா பைசா என்று இருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் நம் எழுத்திலேயே இருக்கிறது. ‘விலை’ என்ற சொல்லில் வரும் லை, யானைத் தும்பிக்கைபோல் மேலே சுழித்த பழைய வடிவத்தில் இருக்கிறதா, இன்று நாம் எழுதும் வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அச்சகங்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை, சுவரில் எழுதிய பெயர்ப்பலகைகள் இன்னும் மெதுவாகத்தான் மாறின. அதனால் இது கத்தி வெட்டுப்போன்ற எல்லைக்கோடு ஆகாது. ஆனாலும் ஒரே படத்தில் புதிய லை போட்ட காமிக்ஸும் பழைய லை எழுதிய கடைப் பலகையும் சேர்ந்து தெரிந்தால், அது பெரும்பாலும் எழுபதுகளின் கடைசிக்குப் பிந்தியது, அந்தக் கடை அதற்கும் முந்தியதாக இருக்கலாம் என்று சொல்லலாம். பக்கத்தில் நிற்கும் வண்டியின் எண் பலகையில் டி.என். 23 என்று புதிய முறைப் பதிவு எண் இருந்தால் இன்னும் ஒரு பத்தாண்டு தள்ளிப் போக வேண்டும்.

இந்தத் தடயங்கள் எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும். குறிப்பாக உங்கள் ஊர்களை நோக்கி இதை எழுத வேறொரு காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் தொழில் பகுதியைப் பற்றி வெளியே உள்ளவர்கள் எழுதியதை அடுக்கிப் பாருங்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டனுக்குப் போனது, பிறகு குரோம் வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன, பாலாறு கெட்டது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாம் உண்மை, எல்லாம் எழுதப்பட வேண்டியவை. ஆனால் இவற்றில் மனிதர்கள் தோலைத் தொடும் கையாகவோ கழிவுநீர் குடித்த வாயாகவோ மட்டும் வருகிறார்கள். டேனரியில் வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்து வந்தவர் எந்தப் புத்தகத்தின் முன் நின்றார் என்று ஒரு வரி கிடையாது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதைதான் நீண்டு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே ஜோலார்பேட்டைக்குப் போகிறது. தோல் போன பாதையில் பத்திரிகைப் பார்சலும் வந்திறங்கியது. முதல் பாதி எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவது பாதிக்குச் சாட்சி உங்கள் பெட்டிகளில் இருக்கிறது.

மொழியையும் சொல்ல வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வீட்டில் உருது, கடையில் தமிழ், எல்லை தாண்டினால் தெலுங்கு. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற நிறுவனங்கள் இங்கே எழுத்தறிவுக்கு எவ்வளவு செய்தன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூரிலோ 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பேப்பர் கடையின் கயிறு என்பது மொழிகள் ஒன்றோடொன்று உரசி நின்ற இடம். டில்லியிலிருந்து வந்த ‘கிலோனா’ என்ற உருதுச் சிறுவர் இதழும் சிவகாசி இரும்புக்கை மாயாவியும் ஒரே கயிற்றில் தொங்கினவா? உருது படிக்கும் கடை ஒரு தெருவில், தமிழ் படிக்கும் கடை இன்னொரு தெருவில் என்று பிரிந்து கிடந்தனவா? படக்கதையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையைப் படம் கைபிடித்துக் கூட்டிப் போகும். உருதுப் பள்ளியில் படித்த பிள்ளை தமிழுக்குள் வர அது ஒரு படியாக இருந்ததா? மொழிக் கொள்கையைப் பற்றி மேடையில் ஆயிரம் பேசலாம். இந்தக் கேள்விகளுக்கு நான்கு தெளிவான நெகட்டிவ்கள் தரும் பதிலை மேடைகள் தர முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லக் கூடியவற்றில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடையில் தொங்கியது என்பதால் யாரும் படித்தார்கள் என்று ஆகிவிடுமா? ஆகாது. காசு கொடுத்து வாங்கியவர்கள் சிலர், வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தவர்கள் பலர், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவர்கள் இன்னும் பலர். ஒரு பிரதி எத்தனை கை மாறியது என்று எந்தப் படமும் காட்டாது. ஆனால் பேப்பர் கடைக்காரரின் கணக்கை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இருப்பது ஒரு சிறிய முகப்பு, இரண்டு மூன்று கயிறு, ஒரு சாய்வுப் பலகை. அதில் ஒவ்வொரு கிளிப்பும் காசு. விற்காத புத்தகத்தை ஒரு மாதம் தொங்கவிடுவார், இரண்டு மாதம் விடுவார். அதற்குமேல் அந்த இடத்தை விற்கிற இதழுக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே ஒரே கடை, வேறு வேறு ஆண்டில் எடுத்த இரண்டு படங்கள், இரண்டிலும் காமிக்ஸ் முன்வரிசையில் என்றால், அந்த ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கும் கை இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஒரு படம் சந்தேகத்துக்கு இடம் வைக்கும். அதனால்தான் ஒருவரிடம் கேட்காமல் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை, ஷூ கம்பெனிப் பெண்களின் கூலிப் பிரச்சினை தீரவில்லை, இப்போது சிறுபிள்ளைப் புத்தகமா முக்கியம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் உள்ள அக்கறையை நான் தள்ளவில்லை. ஆனால் ஒரு காரியம் மற்றதன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவதில்லை. நெகட்டிவைப் பார்க்க உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். சிறுபிள்ளை விஷயம் என்பதும் சரியல்ல. படக்கதைகள் இளைஞர்களைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் இந்திய நாடாளுமன்றம் 1956இல் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகளைத் தடுக்க ஒரு தனிச் சட்டமே இயற்றியது. 20 வயதுக்கு உட்பட்டவர்களை மனத்தில் வைத்து, குற்றத்தையும் வன்முறையையும் படமாகச் சொல்லும் புத்தகங்களை விற்பதும் கடையில் வைத்திருப்பதும் தண்டனைக்குரியது என்றது. இவை மனத்தை மாற்றக் கூடியவை என்று ஒரு நாட்டின் நாடாளுமன்றமே கருதியிருக்கும்போது, எந்த ஊரில் எவை கிடைத்தன என்று தெரிந்துகொள்வது வெட்டி வேலை ஆகாது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கையில் இருந்த காசை எதற்குச் செலவழித்தது என்பதும் கூலியின் வரலாறுதான்.

அடுத்தது உங்களிடமிருந்தே வரக்கூடிய மறுப்பு: பிலிம் விற்ற விலையில் பேப்பர் கடையை யார் படமெடுத்தார்கள்? உண்மை. ஒரு ரோலில் 12 படம்தான் என்ற காலத்தில் எந்தப் போட்டோகிராபரும் பெட்டிக்கடைக்காக ஷட்டரை அழுத்தியிருக்க மாட்டார். அதனால்தான் ஓரத்தைப் பாருங்கள் என்கிறேன். கடையை எடுக்க வேண்டும் என்று வந்தவர் முன்னால், கடைக்காரர் புத்தகங்களைச் சரிசெய்து, நல்லதை முன்னால் வைத்து, தலைவாரி நிற்பார். ஊர்வலத்தின் பின்னால் தற்செயலாக விழுந்த கடையோ அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அந்தக் காலத்து 120 பிலிமும் கைகொடுக்கிறது. அதில் ஒரு சதுர நெகட்டிவ் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர். அதை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல் கிடைக்கும். படத்தின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கே இருக்கும் ஒரு காமிக்ஸ் அட்டைக்கு நூற்றுக்கும் மேல் வரும். தலைப்பைப் படிக்க முடியாமல் போகலாம். ஆனால் எல்லா அட்டைகளையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளருக்கு அந்தச் சிறு கட்டத்தில் தெரியும் உருவமும் வண்ணத்தின் அடர்த்தியுமே போதும். உங்கள் முன்னோர் ஊட்டியில் தயாரான இந்து பிலிமையோ கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிமையோ கணக்காகப் பயன்படுத்தி, கணக்காகக் கழுவி வைத்ததன் பலன் இது. நீங்கள் எடுத்து வைத்திருக்கும்வரை அவர்கள் வேலை வீணாகாது.

ஊர்வலத்தில் இருப்பவர்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்கள், பெரியவர்கள். அவர்கள் படத்தை ஊராருக்குக் காட்டலாமா என்ற தயக்கம் நியாயமானது. அதில் நான் உங்கள் பக்கம். முழுப் படமும் யாருக்கும் வேண்டாம். கடை இருக்கும் மூலையை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் போதும். அதில் முகம் தெரிந்தால் மறைத்துவிடலாம். நெகட்டிவை யாரிடமும் கொடுக்க வேண்டியதும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்போய் டிஜிட்டலாக்கியது. ஸ்டுடியோக்காரரின் பரண் ஆய்வுக்கு உரிய ஆவணக் காப்பகம் என்பதை அந்த வேலை காட்டிவிட்டது. அது பெரும்பாலும் நடுவில் நிற்கும் மனிதர்களுக்கான முயற்சி. நான் கேட்பது அவர்களுக்குப் பின்னால் இருப்பதை.

காலம் அதிகம் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வினிகர் வாசனை வரும். உறையைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை அடித்தால், அந்த நெகட்டிவ் கெடத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும் என்று பொருள். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கடியில் இருக்கும் பெட்டியைப் பற்றி நான் கவலைப்படுவது அதனால்தான். இன்னொரு ஆபத்து புதிது. பழைய தமிழ்நாட்டுத் தெரு, பழைய பத்திரிகைக் கடை என்று கணினியில் செய்த பொய்ப் படங்கள் கைபேசிகளில் பரவுகின்றன. பழுப்பேறிய தாள், மடிப்பு, கறை எல்லாம் தத்ரூபமாக இருக்கும். தொங்கும் புத்தகத்தின் எழுத்தை உற்றுப் பார்த்தால் அது எந்த மொழியும் ஆகாது. இன்று அந்த எழுத்துக் குளறுபடியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம், நாளைக்கு அதுவும் சரியாகிவிடும். அப்போது உண்மையை நிரூபிக்கக் கையில் பிடிக்கக்கூடிய பிலிம் துண்டும், அது எந்த ஸ்டுடியோவின் எந்தப் பெட்டியில் இருந்தது என்ற விவரமும்தான் மிஞ்சும். புதிதாகப் போய்ப் படமெடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. லயன், முத்து காமிக்ஸ்கள் இன்றும் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டியவர்கள் வீட்டுக்குக் கூரியரிலும் புத்தகக் காட்சி அரங்குகளிலும்தான். கயிற்றில் தொங்கும் காலம் முடிந்துவிட்டது. எடுத்தது எடுத்ததுதான், உங்களிடம் இருப்பதுதான் இருப்பது.

பெட்டியைத் திறக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், விரல்ரேகை படாமல். வாடை அடிப்பவற்றைத் தனியே வையுங்கள். கடை தெரிகிற நெகட்டிவ் கிடைத்தால் புதிய காகித உறையில் போட்டு, பென்சிலால் எழுதுங்கள்: எடுத்தவர் பெயர், எந்த விசேஷம், எந்தத் தெரு, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, கடைக்காரரை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள். பழைய சிட்டையில் ரோல் எண் இருந்தால் அதையும் சேருங்கள். மாவட்டத்தின் பெயரை எழுத வேண்டாம். ஆம்பூர் முதலில் வட ஆற்காட்டில் இருந்தது, பிறகு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019 முதல் திருப்பத்தூர். தெருவின் பெயரையும், எதிரில் இருந்த தியேட்டரின் அல்லது பள்ளிவாசலின் பெயரையும் எழுதுங்கள். அதை வைத்துக் கடை நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பெட்டிகளுக்காகக் காத்திருக்கும் ஒரு வாசகர்